குரல் அடங்கிய இசைக்கவி

இசைமேதை ஒருவருக்குச் சித்தம் கலங்கிற்று என்று கேட்டால், அது மேதைமைக்கு அவர் கொடுத்த விலை என்று எண்ணுவோர் பலர். கதை எழுதுவோர்க்கும் படம் எடுப்போர்க்கும் இவ்வெண்ணம் வாய்ப்பாக அமைந்துவிட்டது. அஃது எத்துணைப் பிழையானது என்பதற்கு வங்கத்தின் காசி நஸ்ருல் இஸ்லாமுடைய வாழ்வே தக்க சான்றாகும்.

நஸ்ருல் 1899ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், வங்கத்தின் பர்த்வான் மாவட்டத்துச் சுருலியா என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தவர். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பு விடுத்தார். ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார். 'லேட்டோ' என்னும் நாட்டுக்கூத்துக் குழுவிற் சேர்ந்து பாட்டுக் கட்டினார். பின்னர் படையிற் சேர்ந்து கராச்சியில் இருந்தார். 1922இல் வெளிவந்த 'வித்ரோகி' என்னும் கவிதை அவரை ஒரே நாளில் புகழுக்கு உயர்த்திற்று. மறு ஆண்டு அவர் சிறையில் இருந்தபோது, தாகூர் தம் நாடகம் ஒன்றை அவருக்கு உரிமையாக்கினார். எனினும், கவிஞரினும் இசைஞரே அவருள் ஓங்கி நின்றார் எனலாம். வங்க மொழியில் கஜல் பாடலை வேரூன்றச் செய்தவர் அவர். இஸ்லாமியப் பாடல்களை இயற்றிய அதே கை, காளி அன்னையின் மீதும் உருகி எழுதிற்று. அவர் இயற்றிய பாடல்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை என்பர்.

இசைத்தட்டு நிறுவனத்திலும் கல்கத்தா வானொலியிலும் அவர் உழைத்த காலமே இம்மலர்ச்சியின் காலம். வழக்கொழிந்த இராகங்களைத் தேடியெடுத்து, 'ஹாராமணி' என்னும் நிகழ்ச்சியில் வானொலி நேயர்க்கு வழங்கினார். தாமும் புதிய இராகங்களை ஆக்கினார். இதனிடையே துயரங்களும் சூழ்ந்தன. அருமை மகன் புல்புல் 1930இல் அம்மை நோயால் இறந்தான். மனைவி பிரமீளா சில ஆண்டுகளிற் பக்கவாதத்தாற் படுக்கையில் வீழ்ந்தார்.

1942 ஏப்ரல் 9ஆம் நாள், சாம்பல்தீவுக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள திருகோணமலைத் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதே ஆண்டு ஜூலை மாதத்திலேதான் கல்கத்தாவில் நஸ்ருலின் நாவு தடுமாறத் தொடங்கிற்று. சிறிது சிறிதாகப் பேச்சும் நினைவும் மங்கின. வயதோ நாற்பத்து மூன்று! உற்றார் இதனை மனக்கலக்கம் என்றே கொண்டனர். மனநோய் மருத்துவமனையிற் சேர்த்தனர். குடும்பமோ வறுமையிற் கிடந்தது. 1952இல் ராஞ்சி மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு அன்பர்கள் பொருள் திரட்டி அவரை லண்டனுக்கும் வியன்னாவுக்கும் அழைத்துச் சென்றனர். லண்டன் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. வியன்னாவின் பேராசிரியர் ஹான்ஸ் ஹொஃப், இது 'பிக் நோய்' என்று முடிவு கூறினார். அந்நிலையில் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை.

பிக் நோய் என்பது யாது? 1892இல் ஆர்னல்டு பிக் என்பார் விவரித்த நோய் இது. மூளையின் நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. நெற்றிப் பகுதி நடத்தைக்கும் நிதானத்துக்கும், பொட்டுப் பகுதி சொல்லுக்கும் பொருளுக்கும் துணை நிற்பவை. ஆகவே நோயாளர் முதலிற் குணம் மாறியவராகவோ சொல் மறந்தவராகவோ தோன்றுகிறார். பித்தர் என்று ஊரார் பெயர் வைத்துவிடுகின்றனர். 'பைத்தியம்' என்னும் ஒரே சொல்லால் நூறு நோய்களைக் குறிக்கும் வழக்கம் நம்மவரிடமும் உண்டு. அச்சொல் கேட்டவுடன் மருத்துவரைத் தேடும் எண்ணம் பின்தங்கிவிடுகிறது.

பிரெஞ்சு இசைவாணர் மோரிஸ் ராவெலுக்கும் இறுதி ஆண்டுகளில் மூளை நோய் நேர்ந்தது. உள்ளத்தில் இசை ஒலித்தது. அதனை எழுத்தில் வடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. 1937இல், அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் மறைந்தார். இவ்விருவர்க்கும் படைப்பு முன்னே வந்தது, நோய் பின்னே வந்தது. நோய் ஒரு பாடலையும் ஈயவில்லை. வரவிருந்தவற்றை அள்ளிச் சென்றது.

நஸ்ருலின் பிற்காலத்தைக் காட்டும் ஒளிப்படங்களிலும் படச்சுருள்களிலும், மாலை சூட்டப்பட்டு அமர்ந்திருக்கும் ஒரு முதியவரையும், எங்கோ நிலைகுத்திய பெரிய விழிகளையும் காண்கிறோம். அவற்றைக் கண்டு கண்ணீர் உகுப்பது எளிது. ஆனால் ஆவணப்படம் எடுப்போர் அவ்விழிகளிலேயே நின்றுவிட்டால் மனிதரை மறந்தவராவர். அதற்கு முந்திய இருபது ஆண்டு உழைப்பும் காட்டப்படல் வேண்டும். நோயாளரைத் தாங்கியவரும் காட்டப்படல் வேண்டும்.

அவ்வாறு தாங்கியவர் பிரமீளா. எழுந்து நடக்க இயலாத அவ்வம்மையார், படுத்த படுக்கையில் இருந்தவாறே, குழந்தைபோலாகிவிட்ட கணவருக்கு உணவூட்டிப் பேணினார். 1962இல் அவர் கண் மூடினார். அவருடல் சுருலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. நஸ்ருல் 1972இல் வங்காள தேசத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, 1976 ஆகஸ்ட் 29ஆம் நாள் டாக்காவில் மறைந்தார். டாக்காப் பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகே அவரை அடக்கம் செய்தனர்.