காணி உறுதிக்குக் கடன் உண்டு, தொழிலுக்கு?

கொழும்பு ஹெவ்லொக் வீதியில் இன்று ஹெவ்லொக் சிட்டி தொடர்மாடிகள் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இயங்கியது. 1933 இல் அதன் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் பதிந்த ஒன்று. ஆலை போய்விட்டது. அருகே காலி வீதியிலோ வங்கிக் கிளைகளும், லீசிங் கம்பனிகளும், நகை அடகுக் கருமபீடங்களும் வரிசையாக நிற்கின்றன. நிதித்துறை வளர்ந்தால் கைத்தொழிலும் கூடவே வளரும் என்று பொருளியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தப் பாடம் பொய்யல்ல. 1993 இல் கிங், லெவின் என்ற பொருளியலாளர்களும், 1998 இல் ராஜன், சிங்காலெஸ் என்ற பொருளியலாளர்களும் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு அதற்கு வலுவான சான்றுகளைத் தந்தார்கள். ஆனால் கடன் எவ்வளவு பெருகியது என்பதைவிட, எதற்காக, எதன் பிணையில், எத்தனை ஆண்டுத் தவணையில் கொடுக்கப்பட்டது என்பதே கைத்தொழிலின் தலைவிதியை நிர்ணயிக்கிறது என்பது என் வாதம்.

பிரித்தானியர் கால வங்கிகள் தேயிலைக்கும் ஏற்றுமதி வணிகத்துக்கும் பணம் கொடுத்தன. உள்ளூர் வியாபாரிகள் கடனுக்குக் கொழும்பு செட்டியார் தெருவின் செட்டிமாரையே நம்பியிருந்தார்கள். 1925 இல் ஒரு செட்டியார் நிறுவனம் முறிந்ததும் வங்கிகள் செட்டிமாருக்கான கடனைச் சுருக்கின. அவர்களிடம் வாங்கியவர்களின் கையும் வறண்டது. 1934 இன் வங்கி ஆணைக்குழு அறிக்கையும், 1939 இல் பிறந்த இலங்கை வங்கியும் இந்தப் பின்னணியில் வந்தவை. ஆனால் வணிகக் கடன் வேறு, தொழிற்கடன் வேறு. வியாபாரி போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பும். இயந்திரத்தில் போட்ட பணம் திரும்ப ஆண்டுகள் ஆகும். அந்த நீண்டகாலக் கடனுக்கென்றே 1955 இல் டி.எப்.சி.சி. எனும் இலங்கை அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனமும் 1979 இல் தேசிய அபிவிருத்தி வங்கியும் அமைக்கப்பட்டன. பின்னது 2005 இலும் முன்னது 2015 இலும் வர்த்தக வங்கிகளாயின. இதை வெறும் நிர்வாக மாற்றமாக நான் பார்க்கவில்லை; நீண்டகாலத் தொழிற்கடனுக்கென்றே இருந்த கதவு மூடியதாகவே பார்க்கிறேன். வாடகைக் கட்டடத்தில் பட்டறை நடத்தும் கொட்டாஞ்சேனைக்காரர் இயந்திரத்துக்குக் கடன் கேட்டால், கையிலுள்ள ஓடருக்கு முன்னே காணி உறுதியே கேட்கப்படுகிறது. உறுதி இல்லாதவருக்கு வீட்டு நகைதான் மிச்சம்.

வங்கியில் இருப்பது பொதுமக்களின் வைப்புப் பணம், அதை வைத்துச் சூதாட முடியாது என்பார்கள். நியாயம்தான். 2002 இல் பிரமுக வங்கி மூடப்பட்டபோது வைப்பாளர் பட்ட பாட்டை நாடு கண்டது. அதோடு, அரசு கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 2022 இன் இறுதியில் 30 வீதத்தைத் தாண்டியபோது, பட்டறைக்குக் கடன் கொடுக்க எந்த வங்கிக்கு மனம் வரும்? ஆகவே அரசின் கடன் பசி அடங்காமல் தொழிற்கடன் மலியாது. அரசு சொல்லி வங்கிகள் கொடுத்த கடன் இங்கே ஏற்கெனவே தோற்றதே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அரச வங்கிகளின் பணம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திலும் மின்சார சபையிலும் முடங்கியது உண்மை. ஆனால் 1961 ஐப் பாருங்கள். அந்த ஆண்டில் இங்கே இலங்கை வங்கி அரசுடைமையானது, மக்கள் வங்கி பிறந்தது. தென்கொரியாவிலும் அதே ஆண்டில் வங்கிகள் அரசின் பிடிக்குள் வந்தன. அங்கே மலிவுக் கடன் ஏற்றுமதி ஓடரோடு கட்டப்பட்டிருந்தது. ஏற்றுமதியில் தவறியவர் சலுகையை இழந்தார். இங்கே அப்படியொரு கண்டிப்பு இருக்கவில்லை. கொரிய வழியும் செலவில்லாததல்ல, 1997 இன் ஆசிய நிதி நெருக்கடி அதன் விலையைக் காட்டியது. ஆயினும் அதற்குள் அவர்களிடம் உருக்காலைகளும் கப்பல் தளங்களும் எழுந்துவிட்டன.

பிணை வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலம் விடும் பரேட் சட்ட நடவடிக்கையை இடைநிறுத்தியது பழைய கடனாளிக்கு மூச்சுவிட அவகாசம் தந்தது. புதிய இயந்திரம் ஒன்றையும் வாங்கித் தரவில்லை. ஓடரையும் இயந்திரத்தையும் பிணையாக ஏற்று, நட்டத்தில் பங்கெடுத்து, ஏற்றுமதியில் கணக்குக் கேட்கும் ஓர் அபிவிருத்தி வங்கியைத்தான் முயற்சியாளர் சங்கங்கள் நாடாளுமன்றத்திடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.