முத்து காயும் நேரத்தில் திரும்பும் காய்ச்சல்

வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். உள்ளே அடுப்பில் தாளிப்பு இருக்காது. குழந்தைக்கு இளநீரும் மோரும் கொடுப்பார்கள். ‘ஆத்தா வந்திருக்கா, தண்ணி ஊத்தினா இறங்கிடுவா’ என்பார் பாட்டி. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சின்னம்மை ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே இறங்கிவிடும். சிலருக்கு அப்படி இறங்குவதில்லை.

சொறிந்த இடமே வாசல்

முத்து போட்ட நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டுவிட வேண்டும். விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினால், சொறிந்த புண் வழியே பாக்டீரியா புகுந்திருக்கலாம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் சிக்கல் இதுதான். முத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கும், தொட்டால் சுடும். கிருமி ஆழமாக இறங்கினால் தசை வரை அழுகும். ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. நகத்தை ஒட்ட வெட்டி, குழந்தையை வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம்.

நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடினால் சிறுமூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். இது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். வலிப்பு, ஓயாத வாந்தி, எழுப்பியும் எழாத தூக்கம், மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ‘ரேய்’ நோய் வரலாம். இபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது.

பிரசவத்துக்கு முந்தைய ஐந்து நாளிலோ, பிந்தைய இரண்டு நாளிலோ தாய்க்கு அம்மை போட்டால், பச்சிளம் குழந்தைக்கு அது கொடிய நோய். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளும் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைகளும் அம்மை போட்டவர் அருகில் இருந்திருந்தால், முத்து வரும்வரை பார்த்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு தகப்பனின் தடுப்பூசி

1964இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகஹாஷியின் சின்ன மகனுக்கு அம்மை கடுமையாகப் போட்டது. அந்தத் தகப்பன் 1974இல் தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அது அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் போட்டுக்கொள்ளலாம். 15 மாதம் முதல் இரண்டு தவணை. ஏழைப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் திரும்பிய இரவே கிளம்புங்கள். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். பிள்ளையைக் காக்கச் சொல்லித்தானே அவளைக் கும்பிடுகிறோம்.