உங்களுக்குத் தெரியுமா? உடுமலைக் காற்றில் ஓடும் நூற்பாலைகள்

ஆடி மாதம் உடுமலைப்பேட்டையில் வீசுகிற காற்று மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு கேரளத்திலேயே பெய்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. நமக்குக் கிடைப்பது சாரலும் காற்றும்தான். மானாவாரி வெள்ளாமையை வாட்டிய அந்தக் காற்றுதான் இன்று பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அவற்றில் பல நூற்பாலைகளுக்கே சொந்தம்! இங்கே விளையும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் ஏறும். எங்கோ இருக்கும் ஆலையின் மின் கட்டணத்தில் அந்த யூனிட்டுகள் கழிக்கப்படும். மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல அறுவடை. காற்று ஓய்ந்த மாதங்களில் காற்றாலை மின்சாரம் குறைந்துவிடும்.