ரசீதுக் கட்டும் குடும்பச் செலவும்

மாதச் சம்பளக்காரர் குடும்பத்துக்கும் குடியானவர் குடும்பத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வருமானத்தின் அளவில் இல்லை. அது வந்து சேரும் காலத்தில் இருக்கிறது. சம்பளக்காரருக்கு மாதந்தோறும் பணம் வருகிறது. ஒரு மாதத்துக் கணக்கில் ஏற்படும் பிசகு அடுத்த மாதத்திலேயே தெரிந்துவிடும். குடியானவருக்கோ செலவு நாள்தோறும் உண்டு. வரவு வருஷத்தில் ஒரு முறை அல்லது இரு முறைதான். மாசியில் போட்ட தப்புக் கணக்கு ஆடியில்தான் வெளிப்படும். அப்பொழுது அதைத் திருத்தப் பணமும் இராது, அவகாசமும் இராது. ஞாபக சக்தி ஒரு மாதத்துக்குப் போதலாம். எட்டு மாதத்துக்குப் போதாது. ஆகவே ரசீதுகளைச் சேர்த்து ஒழுங்கு செய்து வைப்பது சம்பளக்காரரைக் காட்டிலும் குடியானவருக்கே அதிக அவசியமாகும்.

ரசீதே வாங்காத குடும்பங்கள் இப்பொழுது குறைவு. வாங்கிய ரசீது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சட்டைப் பையில் நனைந்து போவதும், இறவாணத்தில் செருகியது கரையானுக்கு இரையாவதும் ஒருபுறம் இருக்க, பல வீடுகளில் உரக்கடைச் சீட்டும் மளிகைச் சீட்டும் மருந்துச் சீட்டும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே மஞ்சட் பையில் கிடக்கின்றன. தொலைத்துவிடுவதைவிட அது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பையைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்குப் பணம் செலவானது தெரியுமேயன்றி, நிலம் எவ்வளவு தின்றது, வீடு எவ்வளவு தின்றது என்பது தெரியாது.

முதலில் செய்ய வேண்டியது இந்த இரண்டையும் பிரிப்பதே. நிலத்துக்கு ஒரு கட்டு, வீட்டுக்கு ஒரு கட்டு. நிலத்துக் கட்டை வருஷவாரியாக அன்றி, போகவாரியாகக் கட்ட வேண்டும். குறுவைச் சீட்டுகள் குறுவையோடும், சம்பாச் சீட்டுகள் சம்பாவோடும், தென்னை, கறவை மாடு முதலியவை தனித்தனியாகவும் இருந்தால்தான் எது குடும்பத்தைத் தாங்குகிறது, எதை மற்றவை தாங்குகின்றன என்பது விளங்கும். வீட்டுக் கட்டுக்கும் மாதக் கணக்கு வேண்டாம். ஓர் அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரையில் ஒரே கட்டாக இருக்கட்டும்.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் காணலாம். காவிரிப் பாசனத்தில் 4 ஏக்கர் சம்பா பயிரிடும் ஒரு குடும்பம் ஏக்கருக்கு 20 குவிண்டால் வீதம் 80 குவிண்டால் விற்றதாக வைத்துக்கொள்வோம். 2024-25ஆம் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். மாநில ஊக்கத்தொகையைச் சேர்க்காமல் வரவு 1,84,000 ரூபாய். உழவு, விதை, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை ஆகிய பெரிய இனங்களை மனத்தில் கூட்டி, செலவு ஒரு லட்சம் என்று குடும்பத் தலைவர் கருதுகிறார். மீதம் 84,000. மாசி முதல் புரட்டாசி வரையில் எட்டு மாதத்துக்கு மாதம் 10,500 ரூபாய் செலவிடலாம் என்று தீர்மானிக்கிறார். ஆனால் இரண்டாங் களையெடுப்பு, பம்பு செட்டுக்கு டீசல், கடனாக வாங்கிய பூச்சி மருந்து, ஆட்களுக்கு வாங்கிய டீ பலகாரம், கொள்முதல் நிலையத்துக்கு வண்டிச் சத்தம் இவற்றின் சீட்டுகளைக் கூட்டினால் மேலும் 22,000 ரூபாய் ஆகிறது. உண்மையான மீதம் 62,000. மாதம் 7,750க்கு மேல் அந்த வீடு தாங்காது. குறுவைச் செலவு முழுவதும் சங்கக் கடனால் நடக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் 10,500 வீதம் செலவிட்டால் ஆடி முடிவதற்குள் கை வறண்டுவிடும். ஆவணியில் நகை அடகுக்குப் போகும். அந்த நகைக்குக் கட்டும் வட்டி குறுவை வருமானத்தில் விழும். விளைச்சல் குறைவு என்று பழிக்கப்படும் பல வருஷங்களில் விளைச்சல் குறையவில்லை. மாதம் 2,750 ரூபாய்க் கணக்குப் பிசகுதான் குறை.

ரசீதே இல்லாத செலவுகளும் உண்டு. கூலிக்கு யாரும் ரசீது தருவதில்லை. அன்று மாலையே ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, வேலை, ஆண் பெண் ஆட்களின் எண்ணிக்கை, கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதிக் கட்டில் சேர்த்துவிட வேண்டும். அவ்வாறே பத்தாயத்திலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்த நெல்லுக்கும் சீட்டு எழுதிப் போடுவது நல்லது. சொந்த நெல்லுக்குச் சீட்டா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். விற்றிருந்தால் ரூபாயாகியிருக்கும் நெல் அது. வீட்டுச் செலவில் அதுவும் ஒரு பகுதியே. இந்தச் சீட்டுகளை எழுதுவதற்கு வீட்டிலுள்ள பெண்களே தகுந்தவர்கள். படி எடுப்பதும் அவர்கள், மளிகைக்காரனுக்குப் பதில் சொல்வதும் அவர்கள்.

இனிக் கடன் சம்பந்தமான காகிதங்கள். இவற்றில் காட்டும் அசட்டை ஒரு போகத்தோடு போவதில்லை, தலைமுறையைத் தொடரும். 1938ஆம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் ராஜாஜியின் மந்திரி சபைக் காலத்தில் நிறைவேறியது. 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாயிருந்த வட்டியை அச்சட்டம் தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரு மடங்கு தொகையை ஏற்கெனவே செலுத்தியிருந்தவரின் கடன் அடியோடு தீர்ந்ததாகவும் விதித்தது. மகத்தான சலுகைதான். எனினும் இரு மடங்கு கட்டியாயிற்று என்று காட்டுவதற்குச் செலுத்திய தொகைகளுக்கு ஆதாரம் வேண்டுமல்லவா? வாய்வார்த்தையை நம்பிக் கட்டியவனுக்கும் கையெழுத்து வாங்கிக் கட்டியவனுக்கும் சட்டம் ஒன்றே. பயன் ஒன்றாக இருக்க முடியாது.

இன்றும் தனியாரிடம் புரோநோட்டின் பேரில் கடன் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணையாகப் பணம் செலுத்தும்போது நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின்படி, மூன்று வருஷக் கெடு முடிவதற்குள் அவ்வாறு எழுதினால் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அதாவது அந்த வரவு கடனைக் குறைக்கிறது, வழக்குத் தொடரும் காலத்தையோ நீட்டுகிறது. அந்த நோட்டும் கடன் கொடுத்தவர் பெட்டியிலேயே இருக்கிறது. ஆகையால் பின்புறத்தில் எழுதியதோடு திருப்தி அடையாமல், ஒவ்வொரு தவணைக்கும் தனி ரசீது வாங்க வேண்டும்; தொகை 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் பெற வேண்டும். பாக்கி முழுவதும் தீர்த்த அன்று நோட்டையே திரும்பப் பெறாமல் வீட்டுக்கு வரக்கூடாது. பிறகு கிழித்துவிடுகிறேன் என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வாரிசுகளும் அப்படியே இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை.

விதை, உரம், பூச்சி மருந்து ஆகிய மூன்றுக்கும் பில் கொடுப்பது வியாபாரியின் தயவன்று. அவற்றுக்குரிய கட்டுப்பாட்டு ஆணைகளும் விதிகளும் விதித்த கடமை. விதைப் பில்லில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்து வாங்கி, பையில் தைத்திருந்த அட்டையையும் அதனுடன் சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும். முளைப்புக் குறைந்தால் விதை ஆய்வாளரிடம் புகார் செய்யவும், நுகர்வோர் ஆணையத்தை இரண்டு வருஷத்துக்குள் நாடவும் இவையே ஆதாரம். பில் வேண்டாமென்றால் பத்து ரூபாய் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லும்போது, அந்தப் பத்து ரூபாய்க்கு விற்கப்படுவது எது என்பதை வாங்குபவர் யோசிக்க வேண்டும்.

தற்காலத்து இயந்திரச் சீட்டுகளில் ஒரு தொல்லை உண்டு. உரக்கடையில் கைரேகை வைத்தபின் வரும் வழவழப்பான சீட்டு மையால் அச்சடித்ததன்று. சூட்டினால் எழுத்து ஏறும் காகிதம். வெயிலிலும் அடுப்பங்கரை வெப்பத்திலும் எண்ணெய்க் கையிலும் எழுத்து மறைந்துவிடும். பிளாஸ்டிக் உறையிலும் மங்கக்கூடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து வைப்பதோ, செல்போனில் படம் எடுப்பதோடு தேதியையும் தொகையையும் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதுவதோ உசிதம்.

நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்குப் பணம் பாங்கிக் கணக்கில் வருகிறது. எடைச் சீட்டைப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே கட்டில் சேர்க்க வேண்டும். 2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்குக் குடியானவர் செலுத்தும் பிரிமியம் காரீப் பருவத்தில் 2 சதவிகிதம், ராபியில் ஒன்றரை சதவிகிதம். பிரிமியம் ரசீதில் சர்வே எண்ணும் பரப்பும் சரியாக உள்ளனவா என்பதை வெள்ளம் வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது மிகுதி. பரம்பரைக் கணக்கப்பிள்ளை, மணியக்காரர் உத்தியோகங்கள் 1980இல் ஒழிந்தபின், கிராம நிர்வாக அலுவலரே ஊரார் அறிந்த கணக்குக்காரர். கிஸ்தி வாங்கும்போது பசலியைத் தெளிவாக எழுதிய ரசீதை அந்த இடத்திலேயே கொடுத்தால், பின்னால் ஜமாபந்தியில் எழும் தகராறுகளில் பாதி எழாமலே போகும். கிஸ்தி ரசீது மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது என்பதையும், அனுபவத்தைக் காட்ட அது துணை நிற்கும் என்பதையும் அவர்கள் குடிகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

கட்டுகளைச் சரிபார்க்க அமாவாசையை வைத்துக்கொள்வது சௌகரியம். அன்று ஏர் கட்டாத வழக்கம் பல ஊர்களில் உண்டு. அரை மணி நேரம் போதும். வீட்டு மளிகைச் சீட்டுகளை அடுத்த அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தபின் எரித்துவிடலாம். விதை, மருந்துப் பில்களை இரண்டு வருஷமும், கடன் தீர்ந்த ரசீதுகளைத் திரும்பப் பெற்ற நோட்டோடு சேர்த்து நெடுங்காலமும் வைத்திருக்க வேண்டும். கிஸ்தி ரசீதுகளை எக்காலத்தும் எறியக்கூடாது; அவை பட்டாவுடன் ஒரே தகரப் பெட்டியில், தரையில் படாமல் பலகையின்மேல் இருக்கட்டும்.