சுழியா கறக்கிறது?

மாடு வாங்கப் போகிறோம். சுழி பார்க்கிறோம், கொம்பு பார்க்கிறோம், வாலின் நீளம் பார்க்கிறோம், நாளும் கிழமையும்கூடப் பார்க்கிறோம். போன ஈற்றில் அந்த மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்ற கணக்கை மட்டும் பார்ப்பதில்லை! கீழப்பாவூர் வட்டாரத்தில் கறவையை நம்பிக் கஞ்சி குடிக்கும் தோழர்களைக் கேட்கிறோம்: சுழியா பால் கறக்கிறது?

"சொசைட்டியிலே அன்றாடம் அளக்கிறார்களே!" என்பீர்கள். அளக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அளப்பது வீட்டுப் பாலை. எந்த மாடு சோறு போடுகிறது, எந்த மாடு நம் சோற்றைத் தின்கிறது என்பதை அந்த அட்டை சொல்லாது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மாடு ஈன்றதும் நாளொன்றுக்கு 12 லிட்டர். ஊரே மெச்சுகிறது! மாதாமாதம் 11, 9, 7, 5, 3 என இறங்கி, ஆறே மாதத்தில் வற்றிவிடுகிறது. மற்றொன்று 8 லிட்டரில் தொடங்கி 9, 9, 8, 8, 7, 6, 5, 4, 3 எனப் பத்து மாதம் கறக்கிறது. மாதத்துக்கு 30 நாளென்று பெருக்குங்கள். முதல் மாடு 1,410 லிட்டர். இரண்டாவது 2,010 லிட்டர்! லிட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்தாலும், வேறுபாடு 18,000 ரூபாய். கண் மெச்சியது ஒன்றை. கணக்கு காட்டியது மற்றொன்றை!

ஏட்டுச் சுரைக்காய் என்று எள்ளுவோருண்டு. டென்மார்க் நாட்டு வையன் என்னும் ஊரில், உழவர்கள் 1895-இலேயே இதற்கெனச் சங்கம் கண்டனர். பண்ணை பண்ணையாகச் சென்று, ஒவ்வொரு மாட்டின் பாலையும் கொழுப்பையும் அளக்க ஆள் அமர்த்தினர். இங்கும் நடந்ததுண்டு. காளைக்குப் பாலேது? அதன் மகள்களின் மடியே சான்று! 2012-இல் தொடங்கிய தேசிய பால்வளத் திட்டத்தில், நம் ஆவின் இணையம் ஜெர்சி கலப்பினக் காளைகளை அப்படித்தான் தரம் கண்டது.

செய்யவேண்டியது என்ன? மாதம் ஒரு நாள், காலையும் மாலையும், மாட்டுக்கு மாடு தனியே அளத்தல். ஈன்ற நாள், சினை ஊசி போட்ட நாள், வற்றிய நாள் ஆகியவற்றைக் குறித்தல். மாட்டின் காதிலே 12 இலக்க எண் தொங்குகிறது. அதற்கெதிரே பால் கணக்கு இல்லையேல், அது வெறும் தொங்கட்டான்!

வீட்டுப் பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள். சொசைட்டிப் பொதுக்கூட்டத்திலே எழுந்து, அளக்க ஓர் ஆள் வேண்டுமெனக் கேளுங்கள். நாம் கேட்பது சலுகையன்று, நம் உழைப்பின் கணக்கு!