பதிவேட்டில் இல்லாத கேள்வி: பிரசவ அறைப் பயிற்சியும் சாதியும்

பேறுகாலப் பயிற்சிக்குச் செல்லும் செவிலியர் மாணவியின் கையில் ஒரு பதிவேடு இருக்கிறது. எத்தனை கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார், எத்தனை உள்பரிசோதனைகள் செய்தார், எத்தனை பிரசவங்களை அருகிலிருந்து பார்த்தார், எத்தனை பிரசவங்களைத் தாமே நடத்தினார் என்பவை அதில் எழுதப்படுகின்றன. மேற்பார்வையாளர் கையெழுத்திடுகிறார். எண்ணிக்கை நிறைந்தால்தான் பயிற்சி நிறைவடையும். இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஒரு மாணவி குறைந்தது 40 பிரசவங்களைத் தம் கையால் நடத்தியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதற்கு வாய்ப்பில்லாத இடத்தில் 30 பிரசவங்களை நடத்தி, மேலும் 20 பிரசவங்களுக்கு உதவியிருக்க வேண்டும்.

எண்ணிக்கை தேவையானதுதான். குழந்தையின் தலை வெளிவரும்போது கை எங்கே இருக்க வேண்டும், எப்போது பொறுத்திருக்க வேண்டும், எந்த அளவு இரத்தப்போக்கு ஆபத்தின் அறிகுறி என்பவற்றைப் புத்தகத்தால் மட்டும் கற்றுத்தர இயலாது. ஆனால், அந்தப் பதிவேட்டில் ஒரு கேள்விக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை: அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட்டதா? கேட்காமல் தொடுவதும் கற்பிக்கப்படுகிறது. யாரைக் கேட்காமல் தொடலாம், யாரைத் தொடத் தயங்கலாம் என்பதை மாணவி வார்டில் பிறரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். சாதி பயிற்சிக்குள் நுழையும் வழி இதுவே.

யாருடைய உடலில் கற்கிறோம்?

2019–21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தமிழ்நாட்டில் இது 99.6 விழுக்காடு. 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு, இந்திய அளவில் 97 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் தமிழ்நாட்டில் 54 ஆக இருந்தது. பொது மருத்துவத்தின் இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும், மருத்துவமனைக்கு வந்துசேர்வது வேறு, அங்கே மதிப்புடன் நடத்தப்படுவது வேறு.

பணம் கட்டக்கூடிய குடும்பம் தனியார் மருத்துவமனைக்குச் செல்கிறது. அங்கே தன்னை யார் பரிசோதிக்க வேண்டும் என்பதில் அப்பெண்ணுக்கு ஓரளவேனும் பேச்சுண்டு. மாணவர்கள் பெருமளவில் கற்கும் இடம் அரசு மருத்துவமனை. அங்கே வருவோரில் ஏழைகள், தலித்துகள், பழங்குடியினர் மிகுதி. அவர்களின் உடலில் கற்ற திறன் பின்னர் எல்லாச் சாதியினருக்கும், எல்லா நாடுகளுக்கும் செல்கிறது. கற்றலுக்கான விலையை மட்டும் ஒரு பகுதியினர் தருகின்றனர்.

மகப்பேறியலின் வரலாற்றில் இது புதிதன்று. அமெரிக்காவின் அலபாமாவில், 1840களில், ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் பிரசவக் காயத்தைச் சரிசெய்யும் அறுவை முறையை அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில், மயக்க மருந்தின்றி, மீண்டும் மீண்டும் செய்து கற்றார். அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூவரின் பெயர்கள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. சிம்ஸுக்கு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் வைக்கப்பட்டிருந்த சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது. அக்கொடுமையும் இன்றைய அரசு வார்டும் ஒன்றல்ல. மறுக்க இயலாதவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்ற எண்ணமே இரண்டிற்கும் இடையிலான தொடர்பு.

உள்பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வலி முறையாகத் தொடங்கிய இயல்பான பிரசவத்தில் நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை செய்தால் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒவ்வொரு கூடுதல் பரிசோதனையும் வலியைத் தருவதோடு, தொற்றுக்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. பதிவேட்டை நிரப்புவதற்காக ஒரே பெண்ணை அடுத்தடுத்து மூன்று மாணவிகள் பரிசோதித்தால், அது மருத்துவப் பிழையாகவும் அறப் பிழையாகவும் ஒருங்கே அமைகிறது. திறனையும் அறத்தையும் இரு தனிப் பாடங்களாகப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

பிரசவ அறையில் நிகழும் அவமதிப்புகளை டயானா பவுசர், கேத்லீன் ஹில் ஆகிய இருவரும் 2010இல் ஏழாக வகைப்படுத்தினர்: உடல்ரீதியான வன்முறை, ஒப்புதல் பெறாத சிகிச்சை, அந்தரங்கம் காக்காமை, மதிப்பின்றி நடத்துதல், பாகுபாடு, கவனிக்காமல் கைவிடுதல், பணத்திற்காக மருத்துவமனையில் தடுத்து வைத்தல். இந்தப் பட்டியலில் பாகுபாடு ஐந்தாவது. நம் சூழலில் மற்ற ஆறும் யார்மீது எளிதாக நிகழ்கின்றன என்பதை முடிவு செய்வதும் அதுவே.

தீட்டு ஒட்டிய தொழில்

இந்தியாவில் பேறுகாலப் பணிக்கு நெடிய சாதி வரலாறு உண்டு. தமிழகத்து ஊர்களில் நாவிதர் சமூகப் பெண்களே மருத்துவச்சிகளாக இருந்தனர். பல இடங்களில் தலித் பெண்களும் இப்பணியைச் செய்தனர். உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் ஆய்வு செய்து பட்ரீசியா ஜெஃப்ரியும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட நூல், தொப்புள்கொடியை அறுப்பதும் நஞ்சுக்கொடியை அகற்றுவதும் அங்கே தீட்டு வேலையாகவே கருதப்பட்டதைப் பதிவு செய்கிறது. உயிரைக் காத்த கைக்குத் தீட்டு என்று பெயரிட்டு, கூலியாகத் தானியமும் பழந்துணியும் கொடுத்த சமூகம் இது.

பின்னர் நவீனப் பயிற்சி வந்தது. 1885இல் டஃபரின் நிதியும், 1903இல் கர்சன் சீமாட்டியின் முயற்சியில் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியும் தொடங்கப்பட்டன. இரண்டாவது நிதியின் நோக்கம் நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிப்பது. கைகழுவுதலும் தூய கருவிகளும் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே காலத்து எழுத்துகளில் மருத்துவச்சி அழுக்கானவராகவும் அறியாமையின் உருவமாகவும் சித்திரிக்கப்பட்டார். சாதி சொன்ன தீட்டு, அறிவியலின் மொழியில் அழுக்கு என மறுபிறவி எடுத்தது. அறிவும் சம்பளமும் சீருடைக்குச் சென்றன. இரத்தம் துடைக்கும் வேலை மட்டும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே நின்றது. இன்றைய பிரசவ அறையில் தரையைத் துடைப்பவர் யார், எந்த ஒப்பந்தத்தில், எந்தக் கூலிக்கு வேலை செய்கிறார் என்று மாணவி கேட்கத் தொடங்கினால், இந்த வரலாறு கண்முன் விரியும்.

‘பண்பாட்டை மதித்தல்’ போதுமா?

செவிலியர் கல்வியில் பண்பாட்டு அறம் என்பது பெரும்பாலும் பழக்கவழக்கங்களின் பட்டியலாகவே அமைகிறது: இந்தச் சமூகத்தார் இதை உண்பர், இந்த மதத்தார் இந்நாளில் இதைச் செய்யார். இத்தகைய அறிவு பயனுள்ளதே. ஆனால், சாதிச் சமூகத்தில் தீட்டும் ஒரு ‘பண்பாடு’தான். தலித் செவிலியர் தம் மருமகளைத் தொடக்கூடாது என்று ஒரு குடும்பம் கேட்டால், அதையும் பண்பாடு என்று மதிப்பதா?

இதற்கு நியூசிலாந்திலிருந்து தெளிவான விடை கிடைக்கிறது. 1980களின் இறுதியில், மாவோரி மக்களின் கூட்டமொன்றில் ஒரு செவிலியர் மாணவி எழுந்து, சட்டப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசும் நீங்கள் எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். அக்கேள்வியை மாவோரி செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்னும் கோட்பாடாக வளர்த்தார். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் அதைச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. நாளிதழ்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. நெறிகள் திருத்தப்பட்டன. கோட்பாடு நிலைத்தது.

அக்கோட்பாட்டின் மையம் இரண்டு கருத்துகள். முதலாவது, மாணவி ஆராய வேண்டியது நோயாளியின் வழக்கங்களை அன்று. தன் சொந்தப் பின்னணியையும், தன் கையில் உள்ள அதிகாரத்தையும், அவ்வதிகாரம் உருவான வரலாற்றையும். இரண்டாவது, பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைச் சொல்லும் உரிமை செவிலியருக்கு இல்லை, பராமரிக்கப்பட்டவருக்கே உண்டு.

மாவோரி மொழியில் ‘ஃபெனுவா’ என்ற ஒரே சொல் நிலத்தையும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். நஞ்சுக்கொடியைத் தம் மண்ணில் புதைப்பது அவர்களின் மரபு. முன்பு மருத்துவமனைகள் அதைக் கழிவாக அகற்றின. இன்று குடும்பத்திடம் கேட்டுத் திருப்பித் தருகின்றன. நம் ஊர்களிலோ நஞ்சுக்கொடியைப் புதைத்தவரே தீண்டத்தகாதவராக்கப்பட்டார். ஒரே உறுப்பைக் குறித்த இரு மரபுகளில், முதலாவது ஒடுக்கப்பட்ட மக்கள் மீட்டெடுத்த உரிமை, இரண்டாவது ஒடுக்கியவர்கள் சுமத்திய இழிவு. வழக்கம் எதுவாயினும், அது யாருடைய அதிகாரத்தைக் காக்கிறது என்று கேட்கும் மாணவிக்கு இவ்விரண்டின் வேறுபாடு புரியும். தலித் செவிலியரை மறுக்கும் குடும்பத்திற்கு என்ன பதில் சொல்வது என்பதும் விளங்கும்.

வார்டில் என்ன மாற வேண்டும்?

முதலில், ஒப்புதல். மாணவி தன் பெயரைச் சொல்லி, தான் மாணவி என்பதையும் தெரிவித்து, எதற்காகப் பரிசோதிக்கிறார் என விளக்கி, அப்பெண் மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்று உறுதி கூற வேண்டும். வலிக்கு இடையிலான ஓய்வில் கேட்க வேண்டும். ‘சரி’ என்ற சொல் வந்த பிறகே கை நீள வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதிரே இதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தரங்கம். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஜனனி சுரக்ஷா திட்ட உதவி வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் உரியது. எனவே சாதி விவரம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதை வார்டு முழுவதும் கேட்கும்படி உரக்கக் கேட்கத் தேவையில்லை.

மூன்றாவது, வலியை நம்புதல். ‘இவர்கள் தாங்கிக்கொள்வார்கள்’, ‘இவர்கள் இப்படித்தான் கத்துவார்கள்’ என்ற பேச்சு வெறும் பண்பின்மை அன்று. பிரசவத்திற்குப் பிந்தைய இரத்தப்போக்கு இந்தியாவில் தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. தலை சுற்றுகிறது, துணி நனைகிறது என்று ஒரு பெண் சொல்வதைப் பொருட்படுத்தாத சில நிமிடங்கள் உயிரைப் பறிக்கும்.

நான்காவது, கருத்தடை. சிசிலியா வான் ஹோலன் தமிழகப் பிரசவங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூல், அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த ஏழைப் பெண்களுக்கு ஒப்புதலின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதைப் பதிவு செய்தது. பிரசவ வலியில் இருப்பவரிடம் வாங்கும் தலையசைப்பு ஒப்புதலாகாது. அந்த உரையாடல் கர்ப்பகாலச் சந்திப்புகளிலேயே நடந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, வீட்டு வாசல். 2001–02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு, ‘ஊரக இந்தியாவில் தீண்டாமை’ என்ற பொருளில் 2006இல் நூலாக வெளிவந்த ஆய்வு, 33 விழுக்காடு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குச் செல்ல மறுத்ததைக் கண்டறிந்தது. களப்பயிற்சியில் மாணவி சேரிக்குள் சென்றாரா, வீட்டினுள் அமர்ந்தாரா, கொடுத்த தண்ணீரைக் குடித்தாரா என்பவையும் மதிப்பீட்டுக்கு உரியவை.

தலித் மாணவியின் பாதுகாப்பு

பண்பாட்டுப் பாதுகாப்பு நோயாளிக்கு மட்டும் உரியதன்று. தலித் சமூகத்திலிருந்து முதல் தலைமுறையாகச் செவிலியர் கல்விக்கு வரும் மாணவி, இடஒதுக்கீட்டைக் குறித்த ஏளனத்தையும், விடுதி அறையில் ஒதுக்கத்தையும், வார்டில் துப்புரவு வேலை தனக்கே திரும்பத் திரும்ப ஒதுக்கப்படுவதையும் எதிர்கொள்ள நேர்கிறது. பிரசவம் நடத்தும் வாய்ப்பு ஒருவருக்கும், தட்டு கழுவும் வேலை மற்றொருவருக்கும் செல்லுமானால் பதிவேட்டின் எண்ணிக்கையிலேயே சாதி பதிவாகிறது. பணி ஒதுக்கீட்டுப் பட்டியலை எழுத்தில் வெளியிடுவதும், அதைக் கேள்வி கேட்கும் மாணவியின் செய்முறை மதிப்பெண் குறையாமல் காப்பதும் கல்லூரியின் கடமை.

சட்டம் இவர்கள் பக்கம் நிற்கிறது. அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமை காரணமாக மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கியது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குள்ளும் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமையாக வரையறுக்கிறது. ஆயினும், கேட்காமல் தொட்ட கையையும், தொடத் தயங்கிய கையையும் எந்தக் காவல் நிலையமும் எளிதில் பதிவு செய்யாது. அதைத் திருத்தும் இடம் வகுப்பறையும் வார்டும்தான்.

அதற்கான காலமும் இதுவே. 2018இல் ஒன்றிய அரசு பேறுகாலச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சியை வகுத்தது. 2023இல் செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக நிறைவேற்றப்பட்டது. பாடத்திட்டங்கள் திருத்தி எழுதப்படும் இவ்வேளையில், மரியாதையான பராமரிப்பு என்ற பொதுச் சொல்லோடு நின்றுவிடாமல், சாதி என்ற சொல்லைப் பாடத்திலேயே எழுத வேண்டும் என மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் கோர வேண்டும். பயிற்சிப் பதிவேட்டில் கூடுதலாக ஒரு கட்டம் சேர்க்கப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பும் உரிமை மாணவிக்கோ மேற்பார்வையாளருக்கோ அல்ல, பிரசவித்த பெண்ணுக்கு இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.