தேர்வுக்கு எந்தக் கால்குலேட்டர்?

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மின்னி பேயில் என் வீட்டுப் பக்கம் வந்தால் தவறாமல் கேட்கிறார்கள்: "சார், எந்தக் கால்குலேட்டர் வாங்கினால் பரீட்சை ஹாலில் விடுவார்கள்?"

கேள்வி நியாயமானதே. நம் தீவுகளில் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வழியில் நடப்பவை. பிளஸ் டூ பொதுத் தேர்வு வரை பொதுவாகக் கால்குலேட்டருக்கு அங்கே இடமில்லை. கல்லூரிக்கு வந்த பிறகுதான் பலரும் அதைக் கையில் எடுக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்கள் சாதாரணமாக விதிக்கும் நிபந்தனை, புரோகிராம் எழுதி வைக்க முடியாத சயன்டிபிக் கால்குலேட்டர் என்பது. வசதி குறைந்த கால்குலேட்டர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கேசியோ எப்எக்ஸ் 991 எம்எஸ் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளையும், முப்படிச் சமன்பாட்டையும் அது தீர்த்துவிடும். தொகையிடல், அணிக்கோவை எல்லாம் செய்யும். ஆனாலும் நாம் எழுதும் கட்டளை வரிசையை அதில் சேமித்து வைத்து, மறுநாள் ஓடவிட முடியாது. அணைத்தால் போட்ட கணக்கின் வரி அழிந்துவிடும். எப்எக்ஸ் 3650 பி அப்படியல்ல, எழுதிய புரோகிராம் உள்ளேயே தங்கும். ஆகவே மாடல் எண்ணின் கடைசியில் 'பி' என்ற ஒற்றை எழுத்து இருந்தால் உஷாராக இருங்கள். (இஎஸ் பிளஸ் என்பதில் உள்ள 'பிளஸ்' வேறு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.)

சென்னையிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் மாடல் எண்ணை எழுத்துப் பிசகாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றித் தரக் கடைக்காரர் இசைந்தாலும் நடுவே வங்கக் கடல் இருக்கிறது!

பி.எஸ்ஸி. மாணவர் பலருக்கு எப்எக்ஸ் 82 எம்எஸ் போதும். பொறியியல் படிப்போர் 991 எம்எஸ் வாங்கலாம். 991 இஎக்ஸ் போன்ற பிந்தைய மாடல்களில் கியூ.ஆர். குறியீடும் விரிதாளும் உண்டு. அவையும் புரோகிராம் போட முடியாதவையே. இருந்தாலும் மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் எழுந்தால் ஹாலில் நின்று வாதாட நேரம் இராது. வாங்குமுன் கல்லூரித் தேர்வுப் பிரிவில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுவது உத்தமம்.

991 எம்எஸ்ஸில் ஏ, பி, சி முதலிய நினைவறைகளில் போட்ட எண்கள் அணைத்தாலும் அழியா. தேர்வன்று காலையில் ஷிப்ட், மோட், 3 ஆகியவற்றை வரிசையாக அழுத்தி, சமக் குறியை இருமுறை தட்டினால் அனைத்தும் துடைக்கப்பட்டுக் கோண அளவும் டிகிரிக்குத் திரும்பிவிடும். பிறகு சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. மைனஸ் 0.988 வந்தால் இன்னும் ரேடியனில் நிற்கிறது. இந்த ஒன்றைக் கவனியாமல் சர்க்யூட் பாடத்தில் ஒரு முழுக் கணக்கையே இழந்த மாணவரை நான் அறிவேன்.

மேற்கொண்டு எழுதும் தேர்வுகளுக்கு விதி வேறு. கேட் தேர்வில் சொந்தக் கால்குலேட்டர் கூடாது. கணினித் திரையில் தருவதை மவுஸால்தான் இயக்க வேண்டும். சி.ஏ. தேர்விலோ ஆறு செயல்கள், பன்னிரண்டு இலக்கம், இரண்டு நினைவறைகள் வரை உள்ள சாதாரணக் கால்குலேட்டருக்குத்தான் அனுமதி. அண்ணனுடைய 991 தம்பியின் சி.ஏ. தேர்வுக்கு உதவாது.